நானோபாய்மங்களின் பாகுநிலை: துகள் திரள்தலும் மேற்பரப்பு மின்னூட்டமும்

திறவுச்சொற்கள்: நானோபாய்மம், பாகுநிலை, துகள்திரள், மின் இரட்டை அடுக்கு, சீட்டா மின்னழுத்தம்

முன்னுரை

நீர், எத்திலீன் கிளைக்கால் போன்ற திரவங்களில் நானோமீட்டர் அளவுள்ள திண்மத் துகள்களைக் கலந்து பெறப்படும் கூழ்மங்களுக்கு நானோபாய்மம் என்னும் பெயரை, 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் முன்வைத்தார். அவற்றின் வெப்பங்கடத்துதிறனே பெரிதும் பேசப்பட்டது. எனினும், சீரோட்டத்தில் ஒரு பாய்மத்தைக் குறித்த வீதத்தில் செலுத்தத் தேவையான அழுத்தம் அதன் பாகுநிலைக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. பாகுநிலை உயர்வு வெப்பங்கடத்துதிறன் உயர்வைப் போல் நான்கு மடங்கைக் கடந்தால், அப்பாய்மம் தன் அடிப்படைத் திரவத்தைவிடப் பயன் குறைந்ததாகிவிடும் எனப் பிரஷர் முதலியோர் 2006-இல் காட்டினர்.

துகள் திரள்தல்

தனித்தனியே மிதக்கும் கோளத்துகள்களுக்கு ஐன்ஸ்டைன் 1906-இல் ஒரு சமன்பாட்டைத் தந்தார். அதிலிருந்த கணக்கீட்டுப் பிழை, பெரனின் ஆய்வகச் சோதனைகளோடு முரண்பட்டதால் வெளிப்பட்டு, 1911-இல் திருத்தப்பட்டது. திருத்திய வடிவின்படி, துகள்களின் கனஅளவு விகிதத்தைப் போல் 2.5 மடங்கு பாகுநிலை உயரும். அதாவது, 1 விழுக்காடு துகளுக்கு 2.5 விழுக்காடு உயர்வு. நானோபாய்மங்களில் அளவிடப்படும் உயர்வு பெரும்பாலும் இதனினும் மிகுதி.

இவ்வேறுபாட்டின் முதற்காரணம் திரள்தலாகும். வாண்டர்வால்ஸ் ஈர்ப்பால் ஒட்டிக்கொள்ளும் துகள்கள் இறுகிய உருண்டையாவதில்லை. கிளைத்த, இடைவெளி மிகுந்த பின்னவுருக்களாகின்றன. அவ்விடைவெளிகளில் சிறைப்படும் திரவம் திரளோடு சேர்ந்தே நகர்வதால், பாய்வை எதிர்க்கும் கனஅளவு பெருகுகிறது. திரளின் ஆரம் துகளின் ஆரத்தைப் போல் 3 மடங்கு, பின்னப் பரிமாணம் 1.8 எனக் கொண்டால், பயனுறு கனஅளவு ஏறத்தாழ 3.7 மடங்காகும். கிரீகர்–டவ்கர்ட்டி சமன்பாட்டில் பெரும நெருக்க விகிதத்தை 0.605 எனக் கொண்டு கணித்தால், 1 விழுக்காடு துகளே பாகுநிலையை 10 விழுக்காடும், 5 விழுக்காடு துகள் ஏறத்தாழ 75 விழுக்காடும் உயர்த்தும். ஓட்டத்தின் வேகத்தில் திரள்கள் சிதைவதால், சறுக்கு வீதம் கூடக் கூடப் பாகுநிலை குறைகிறது. நீர்த்த கூழ்மத்தில் இப்போக்குத் தென்பட்டால் திரள்தலை முதலில் ஐயுறலாம்.

மின்னூட்டத்தின் இருமுகம்

திரள்தலைத் தடுப்பது மேற்பரப்பு மின்னூட்டம். அலுமினாவின் சமமின் புள்ளி பெரும்பாலும் பி.எச். 9-ஐ ஒட்டி அமைகிறது. அங்கே விலக்குவிசை மறைவதால் துகள்கள் திரண்டு பாகுநிலை உச்சம் அடைகிறது. பி.எச். 4 அளவில் துகள்கள் வலுவான நேர்மின்னூட்டம் பெற்றுப் பிரிந்து நிற்கின்றன.

ஆயினும் மின்னூட்டம் பெருகினால் பாகுநிலை குறையும் என்று பொதுவிதி கூறுதல் பொருந்தாது. துகளைச் சூழ்ந்த மின் இரட்டை அடுக்கு ஓட்டத்தில் உருக்குலைவதாலும், அண்டைத் துகள்களின் அடுக்குகள் ஒன்றையொன்று விலக்குவதாலும் பாகுநிலை உயர்கிறது. முதலாவதை ஸ்மோலுகோவ்ஸ்கி 1916-இலேயே ஆராய்ந்தார். ஒற்றை இணைதிற உப்பின் 0.001 மோலார் நீர்க்கரைசலில் டெபாய் நீளம் 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 9.6 நானோமீட்டர். 20 நானோமீட்டர் ஆரமுள்ள துகளோடு இவ்வடுக்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் கனஅளவு 3 மடங்கைக் கடக்கும். அடுக்கு இறுகிய ஓடன்று என்பதால் இது பருமட்டான மதிப்பீடே. எனினும் 1 மைக்ரான் துகளில் புறக்கணிக்கத்தக்க விளைவு நானோ அளவில் திரளுக்கு நிகராகிறது.

உப்பைச் சேர்த்து 0.1 மோலார் ஆக்கினால் அந்நீளம் 1 நானோமீட்டருக்குச் சுருங்கும். விலக்குவிசையின் வீச்சும் உடன் குறைவதால் திரள்தல் தொடங்கக்கூடும். ஆகவே, இடைப்பட்ட ஓர் அயனிச்செறிவிலேயே பாகுநிலை குறைந்தபட்சமாகும்.

அளவீட்டுச் சிக்கல்

கனஅளவு விகிதத்தை மட்டும் குறித்து, பி.எச்., அயனிச்செறிவு, திரளளவு ஆகியவற்றைக் குறிக்காத பாகுநிலைத் தரவு ஒப்பீட்டிற்கு உதவாது. சீட்டா மின்னழுத்தம் தரப்படும்போதும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒளிச்சிதறல் கருவிக்காகக் கூழ்மத்தைத் தூய நீரால் நீர்க்கச் செய்தால் பி.எச்., அயனிச்செறிவு இரண்டும் மாறிவிடும். அளக்கப்படுவது வேறொரு கூழ்மமே. மையவிலக்கியில் சுழற்றிப் பிரித்த, அதே கூழ்மத்தின் தெளிந்த மேல்நீரைக் கொண்டு நீர்க்கச் செய்வதே இதற்கு ஏற்ற முறையாகும்.