உங்கள் லயம் எந்தப் பிரிவில் இருக்கிறது?

ஊவா மாகாணத்தில் பதுளை, மொனராகலை என இரண்டு மாவட்டங்கள் உள்ளன. பதுளை மாவட்டத்தில் பசறை, அப்புத்தளை, ஹல்தும்முல்லை உட்பட 15 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பல கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உண்டு.

அரச அலுவலகத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் வெவ்வேறு கிராம உத்தியோகத்தர்களின் கீழ் இருக்கலாம். ஆகவே, ஊர் திரும்பியதும் உங்கள் லயம் எந்தப் பிரிவுக்கு உரியது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

எதற்கு எங்கே போவது?

• கிராம உத்தியோகத்தர்: வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் பதிவு. இடம்பெயர்ந்திருந்த ஊரில் உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

• பிரதேச செயலகம்: பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகள், நிவாரணக் கொடுப்பனவுகள்.

• பிரதேச சபை: பாதை, தெருவிளக்கு, குப்பை அகற்றுதல். முன்பு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது நீங்களும் கேட்கலாம்.

தொகைமதிப்பில் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மக்கள் மூன்று துறைகளாகக் கணக்கிடப்படுகிறார்கள். அது எண்ணிக்கைக்கு மட்டுமே. தொகைமதிப்பு உத்தியோகத்தர் உங்கள் வீட்டுக்கு வந்து எழுதிச் சென்றாலும், நீங்கள் கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும்.