உங்களுக்குத் தெரியுமா? கவரைப் பிரிக்கும் முன்பே தெரிந்த சேதி

மலேசியாவின் செபராங் ஜெயாவில் இருக்கும் தங்கைக்கு ஊரிலிருக்கும் அண்ணன் இன்று வாட்ஸ்அப்பில் சேதி சொல்லிவிடுகிறார். அன்றோ கப்பல்தான் கதி. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும் தம்பிக்குப் பெண் பார்த்ததும் கடிதங்களாகக் கடல் கடந்து வந்தன. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருந்தவர்களுக்கு ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு பெர்ரி.

நல்ல சேதி என்றால் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். இழவுச் சேதிக்குக் கறுப்பு அடையாளம். படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டில் வைப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலும் துக்கக் கடிதத்தாளில் கறுப்புக் கரை இருந்தது. நம்மவர்களிடம் கூடுதலாக மஞ்சளும் பேசியது!