பஸ்காலின் கடைசிக் கணக்கு

பகுத்தறிவின் எல்லையைப் பற்றிப் பேசும் உரிமை, அவ்வெல்லைவரை நடந்து சென்றவர்க்கே உண்டு. சமயத்தின் பெயரால் அறிவைப் பழிப்போருட் பலர் அவ்வழியிற் பாதியேனும் சென்றறியாதவர். பிரான்சு நாட்டில் 1623ஆம் ஆண்டிற் பிறந்த பிளேஸ் பஸ்கால் முழுத்தூரமும் நடந்தவர். பதினாறு வயதிற் கூம்பு வெட்டுக்களைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். வரிக்கணக்கோடு மல்லாடிய தந்தைக்காகக் கணிக்கும் பொறியொன்றை அமைத்தார். 1648இல் தமக்கையின் கணவரைப் பூய் த டோம் மலைமீது இரசக்குழாயுடன் ஏறச் செய்தார்; உச்சியில் இரசமட்டம் மூன்று அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தது. இரசத்தைத் தாங்குவது வளியின் அமுக்கமே என்பது அதனாற் புலனாயிற்று. இயற்கையைப் பற்றிய வினாவுக்குப் பழைய நூல்களிடம் விடை கேளாது, சோதனையிடமே கேட்டவர் அவர்.

இத்தகைய ஒருவருக்கே 1654 நவம்பர் 23ஆந் திகதி இரவு, பத்தரை மணி தொடக்கம் நள்ளிரவுக்கு அப்பாலும் நீடித்ததோர் இறையநுபவம் வாய்த்தது. அதனைச் சில வரிகளிற் குறித்து, சட்டையின் உட்புறத்தே தைத்து, சாகும்வரை உடலோடு வைத்திருந்தார். தத்துவ அறிஞர் வாதித்து நிறுவும் கடவுளை விட்டு, ஆபிரகாமின் கடவுளை அன்றிரவு கண்டார் என்பதே குறிப்பின் சாரம். அவர் இறந்தபின், சட்டை ஓரிடத்தில் தடித்திருப்பதை ஏவலாளன் ஒருவன் உணர்ந்ததாலேயே அது வெளிப்பட்டது.

கடவுள் உண்டெனப் பந்தயங் கட்டுதலே இலாபம் என்ற அவரது வாதத்தைப் பலரும் எடுத்தாளுகின்றனர். அது சூதாட்டத்திற் பழகியவரை அழைப்பதற்காக இட்ட வாசற்படி. அவர் குடியிருந்த வீட்டைக் காண 1662ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம், ஐந்து சூ கட்டணத்தில் எவரும் ஏறிச்செல்லத்தக்க குதிரை வண்டிகளைப் பாரிசில் ஓடவிட்டார். இன்றைய பஸ் வண்டிக்கு மூதாதை எனலாம். அதில் வரும் தம் பங்கைப் பஞ்சத்தில் வாடிய புளுவா நகரத்து ஏழைகளுக்கு அனுப்ப விரும்பினார். அக்காலத்தில் ஏழைக் குடும்பமொன்றும் அவர் வீட்டில் இடம்பெற்றிருந்தது. அக்குடும்பத்துப் பிள்ளைக்கு வைசூரி கண்டது. நோயாளியான பஸ்காலைப் பராமரிக்க நாள்தோறும் வந்த தமக்கை, தொற்றைத் தம் மக்களுக்குக் கொண்டு செல்லலாகாது. ஆதலின் பிள்ளையோ பஸ்காலோ வீட்டை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. இடமாற்றத்தால் தமக்கு வரும் ஆபத்து பிள்ளைக்கு வருவதிலுங் குறைவே எனக் கணித்து, தாமே தமக்கையின் வீட்டுக்குப் பெயர்ந்தார்.

இங்கே அறிவு ஓய்ந்துவிடவில்லை; இரு பக்கத்து ஆபத்தையும் நிறுத்துப் பார்த்தது. ஆயினும், அயலார் பிள்ளையின் உயிரைத் தம் உயிரோடு ஒரே தட்டில் வைக்குமாறு எந்தக் கணிதமும் அவருக்குக் கற்பிக்கவில்லை. அது விசுவாசம் தந்த எடைக்கல்.

அங்கு நோய் முற்றியது. ஆபத்து இல்லையென எண்ணிய வைத்தியர் நற்கருணை வழங்குவதைத் தள்ளிப்போட்டனர். தலையாகிய கிறிஸ்துவைப் பெற இயலாதெனின், அவருடைய உறுப்புகளாகிய ஏழைகளோடேனும் ஒன்றியிருக்க வேண்டுமென்று, நோயுற்ற ஏழையொருவரை அழைத்துவந்து தமக்குச் செய்யும் பணிவிடை அனைத்தையும் அவருக்குஞ் செய்யுமாறு வேண்டினார். பெயர்க்கத்தக்க நிலையில் எவருமில்லை என்று பங்குக்குரு தெரிவித்தார். அவ்வாறாயின் தீராநோயாளர் மருத்துவமனைக்குத் தம்மைக் கொண்டுபோகும்படி கேட்டார்; வைத்தியர் இசையவில்லை. நற்கருணை மட்டும் இறுதியிற் கிடைத்தது. ஓகஸ்ட் 19ஆந் திகதி, 39 வயதில், தமக்கையின் வீட்டிலேயே காலமானார்.