வட்ட முகத்துக்கு எந்த முடி அலங்காரம்? வெட்டும் முன் வகிட்டை மாற்றிப் பாருங்கள்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் பட்டணங்களில் உள்ள சலூன்களில் உட்கார இடம் கிடைக்காது. லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் எனத் தோட்டப்புறங்களிலிருந்து தாயும் மகளுமாக வந்து காத்திருப்பார்கள். மகளின் கைப்பேசியில் ஒரு நடிகையின் படம் தயாராக இருக்கும். “இதே மாதிரி வெட்டணும், அக்கா.” நடிகைக்கு நீள முகம், மகளுக்கோ வட்ட முகம். கூட்டம் நெருக்கும் நேரத்தில், கேட்டதைக் கேட்டபடியே வெட்டி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக் கண்ணாடி முன் நின்ற பிறகுதான் ‘கன்னம் இவ்வளவு பெரிசாத் தெரியுதே’ என்ற அழுகை வரும்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். அரையடி வெட்டிவிட்டால் அது திரும்பி வர ஓராண்டுக்கு மேலாகும். அடுத்த தீபாவளிப் படத்திலும் அதே வருத்தம் தொடரும். அதனால் கத்திரிக்கோல் எடுப்பதற்கு முன், வீட்டிலேயே செலவில்லாமல் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில், முகம் உண்மையிலேயே வட்டமா என்று பார்க்க வேண்டும். கன்னம் சற்றுப் பூசினாற்போல் இருந்தாலே வட்ட முகம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முடியை முழுவதும் பின்னால் இழுத்துக் கட்டி, கண்ணாடிக்கு நேராக நின்று, முகத்தின் ஓரத்தைச் சோப்புத் துண்டால் கண்ணாடியிலேயே வரைந்து பார்க்கலாம். தையல் நாடா இருந்தால் இன்னும் எளிது. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை நுனி வரை நீளத்தையும், ஒரு கன்ன எலும்பிலிருந்து மறு கன்ன எலும்பு வரை அகலத்தையும் அளக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, தாடையும் கோணமில்லாமல் வளைந்திருந்தால் அது வட்ட முகம். அளவு ஒன்றாக இருந்தும் தாடை எலும்பு கோணமாகத் துருத்தினால் சதுர முகம். நீளம் தெளிவாகக் கூடுதல் என்றால் நீள்வட்டம். அப்படிப்பட்டவர்கள் வட்ட முகத்துக்கான யோசனைகளைப் பின்பற்றினால் முகம் தேவையில்லாமல் நீண்டு தெரியும்.

வட்ட முகம் ஒரு குறையன்று. முழுமதி போன்ற முகம் என்று புகழ்ந்த மொழி நம்முடையது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களும் கைப்பேசிக் கேமராவும் இன்று வேறு கணக்குப் போடுகிறார்கள். குறிப்பாக, கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் முகத்தின் வடிவம் மாறித்தான் பதிவாகும். அந்தப் படத்தைப் பார்த்து மனம் நொந்து முடியை வெட்டுவது வீண் வேலை.

கண் கோட்டைப் பின்தொடரும். சேலையில் நெடுக்குக் கோடு இருந்தால் ஆள் உயரமாகவும், குறுக்குக் கோடு இருந்தால் அகலமாகவும் தெரியும் என்று சொல்வார்களே, அது போலத்தான் இதுவும். உச்சந்தலையில் முடி சற்று எழும்பி, கன்னத்தின் இரு பக்கமும் அடங்கி, தாடைக்குக் கீழே இறங்கினால் பார்வை மேலும் கீழுமாகப் போகும், முகம் நீளும். கன்னத்துக்கு நேராக முடி புடைத்தால் பார்வை குறுக்கே ஓடும்; முகம் இன்னும் வட்டமாகும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், நம் வீடுகளில் காலையில் செய்யும் தலைவாரல்தான் வட்ட முகத்துக்கு மிகக் கடினமானது என்பது புரியும். எண்ணெய் தடவி, நேர் வகிடு எடுத்து, ஒரு முடிகூட நிற்காமல் இழுத்துப் பின்னுவது. உச்சி படிந்துவிடுகிறது, பக்கங்கள் ஒட்டிவிடுகின்றன. முழு வட்டமும் சட்டம் போட்டதுபோல் வெளியே நிற்கிறது. நேர் வகிட்டின் மேல் பழி போட வேண்டாம். அதே வகிட்டுடன் முடி தளர்ந்து கன்னத்தை இரு பக்கமும் கொஞ்சம் மறைத்தால் முகம் ஒடுங்கியே தெரியும். இழுத்துக் கட்டுவதுதான் சிக்கல்.

மாற்றிப் பார்ப்பது எளிது. வகிட்டை இடமோ வலமோ இரண்டு விரல் தள்ளிக் கோண வகிடாக எடுத்தால் வட்டத்தின் சமச்சீர் உடைந்துவிடும். பின்னுவதற்கு முன் உச்சியில் உள்ள முடியைச் சீப்பு முனையால் சற்றுத் தூக்கிவிட்டு, அதன் பிறகு கட்டலாம். லயத்து வீடுகளில் பாட்டிமார் கழுத்தோடு போட்ட கோடாலிக் கொண்டையைக் கொஞ்சம் மேலேற்றினால் அதுவே முகத்துக்கு உயரம் தரும். பின்னலை முதுகில் விடாமல் ஒரு தோளின் முன்னால் போட்டாலும் நெடுக்குக் கோடு ஒன்று கிடைத்துவிடுகிறது.

சங்க இலக்கியத்தில் பெண்களின் கூந்தலுக்கு ஐம்பால் என்றொரு பெயர் வருகிறது. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று உரைகள் விளக்குகின்றன. குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பது அவற்றில் ஒரு வரிசை. உரைக்கு உரை பெயர்கள் சற்று மாறும். ஒரே கூந்தலுக்கு ஐந்து தோற்றம், வெட்டாமலேயே.

வெட்டத்தான் வேண்டும் என்றால், தாடைக்கு நேராக நின்று உள்ளே வளையும் ‘பாப்’ வெட்டைத் தவிர்ப்பது நல்லது. அது கன்னத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போடும். நீளம் தாடைக்குக் கீழே குறைந்தது மூன்று, நான்கு விரல் இருக்கட்டும். லேயர் வெட்டுபவர்கள் முதல் அடுக்கைக் கன்னத்தில் தொடங்கிவிடக் கூடாது. தாடைக்குக் கீழிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நெற்றியை நேர்கோட்டில் மூடும் முன்முடி முகத்தின் நீளத்தில் கால்பங்கை விழுங்கிவிடும். அதே முன்முடியைச் சாய்வாக ஒரு பக்கம் இறக்கினால் அழகாக அமையும். சுருட்டை முடிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரத்தில் நீண்டு தெரியும் முடி, காய்ந்ததும் சுருங்கி மேலேறும். தோள் வரை என்று வெட்டியது கன்னத்தில் வந்து நிற்கும். உலர்ந்த நிலையில் எங்கே நிற்க வேண்டும் என்று கையால் தொட்டுக் காட்டுவது நல்லது.

ரீபாண்டிங் செய்தால் முகம் ஒடுங்கும் என்ற நம்பிக்கை பட்டணத்திலும் தோட்டத்திலும் பரவலாக இருக்கிறது. பக்கத்துப் புடைப்பு அடங்கும், உண்மைதான். கூடவே உச்சியும் தட்டையாகிவிடுகிறதே! ஒரு பக்கம் லாபம், மறு பக்கம் நட்டம். சில கெராட்டின் மருந்துகள் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைட் வாயுவை வெளியிடக்கூடியவை. கண்ணும் தொண்டையும் எரிந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நம் நாட்டில் விற்கப்படும் அழகுப் பொருளுக்குச் சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தவறில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு வகிட்டில் நேராக இறங்கும் ஒற்றைச் சர நெற்றிச்சுட்டி முகத்தை நீட்டிக் காட்டும். முடியோரமாக இரு பக்கமும் ஓடும் பட்டையான சுட்டி அகலத்தைக் கூட்டும். மல்லிகைச் சரத்தைக் காதுக்குக் காது வளைத்து வைப்பதைவிட, பின்னலோடு நீளமாகத் தொங்கவிடலாம்.

பையன்களுக்கும் இதே விதிதான். காதுக்கு மேல் குறைத்து, உச்சியில் விட்டு, ஓரளவு மேல்நோக்கி வாரினால் போதும். தாடி வைப்பவர்கள் கன்னத்தில் ஒட்ட நறுக்கி, தாடை நுனியில் சற்று விட்டால் முகத்துக்கு ஒரு முனை கிடைக்கும். வேண்டுதலுக்கு மொட்டை போடுகிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை.

அழகைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. விடியுமுன் எழுந்து, பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிறதே என்று பிள்ளையின் தலையை இறுக்கிப் பின்னிவிடும் தாய்மார் ஏராளம். நாள்தோறும் அப்படி இழுபட்டால் நெற்றிப்பொட்டின் ஓரத்து முடி வேரோடு தளரும். தலைவலி, முடி வேரில் சிறு கொப்புளம், ஓரத்தில் பூனை முடி மட்டும் மிஞ்சுவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆரம்பத்திலேயே தளர்த்திக் கட்டினால் முடி மீண்டும் வளரும். பல ஆண்டுகள் விட்டுவிட்டால் வேர் தழும்பாகி, அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடக்கூடும். முடி தோளைத் தாண்டினால் கட்டி வர வேண்டும் என்பதுதான் பள்ளிகள் கேட்பது. இறுக்கிக் கட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பின்னல் போட்ட பிறகு நெற்றியோரத்தில் சுண்டுவிரல் நுழைந்தால் போதுமான தளர்வு இருக்கிறது.

முகம் பிறவியிலேயே வட்டமா, அண்மையில்தான் வட்டமானதா என்பதையும் பார்க்க வேண்டும். போன தீபாவளிப் படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உடம்பு அவ்வளவாகப் பெருக்காமல் முகம் மட்டும் உப்பி உருண்டிருந்தால், அதைச் சலூனில் சரிசெய்ய முடியாது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்த மூட்டுகளுக்குப் பாசார் மாலாமில் மாத்திரையும் ஜாமுவும் வாங்கிச் சாப்பிடுகிற மூத்தவர்கள் நம்மிடையே உண்டு. இத்தகைய சில பொருள்களில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. வலி உடனே பறந்துவிடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ முகம் நிலவுபோல் உருளும், தோலில் எளிதில் கன்றும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும். பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் முகம் உப்பும். அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

அப்படி எதுவும் இல்லை, பிறந்ததிலிருந்தே இதே முகம்தான் என்பவர்கள் பட்டணத்துக்குப் பேருந்து ஏறும் முன் ஒரு வாரம் கோண வகிட்டோடு இருந்து பார்க்கலாம். அப்போதும் வெட்டத் தோன்றினால், நடிகையின் படத்தோடு தமக்குப் பிடித்த தம்முடைய பழைய படம் ஒன்றையும் எடுத்துச் செல்லட்டும். கூட்டமுள்ள தீபாவளி வாரத்தில் போகாமல் ஒரு மாதம் முந்திப் போனால் நிதானமாக வெட்டுவார்கள். முதல் தடவை இரண்டு அங்குலம் எடுத்தால் போதும். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.