கூண்டிலே நிறுத்தாதீர் தாயை!

"என்ன குழந்தை?"

இரண்டே சொற்கள். பிள்ளை பிறந்த வீட்டைப் பார்த்து ஊரே கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு தகப்பன் தலை குனிந்து நிற்பதைக் கண்டதுண்டா, தோழர்களே?

ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலே இரவு ஷிப்டை முடித்துவிட்டு, கண்ணெரிச்சலோடு பிரசவ ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வருகிறான் ஒரு தொழிலாளத் தோழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சிஸ்டர், ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று ஆவலோடு கேட்கிறான். சிரித்தபடி வரவேண்டிய பதில் வரவில்லை. "டாக்டரம்மா உங்ககிட்ட பேசணுமாம், உள்ள வாங்க" என்கிறார் நர்ஸ்.

குழந்தை அழுகிறது, பால் குடிக்கிறது, கை கால் உதைக்கிறது. ஆனால் பிறப்புறுப்பின் அமைப்பைக் கண்டு ஆண் என்றோ பெண் என்றோ உடனே உறுதி கூற முடியவில்லை. அவ்வளவுதான்! பிள்ளை பிறந்த வீடு, இழவு வீடாகிவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்கிறாள் ஒருத்தி. எந்த ஜென்மத்துப் பாவமோ என்கிறாள் இன்னொருத்தி. பெற்றுப் போட்ட பச்சை உடம்போடு, குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்படுகிறாள் தாய்!

யார் செய்த குற்றம் இது? யாரும் செய்யவில்லை. கருவிலே முதல் ஆறு வாரம் வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் உறுப்பின் தொடக்கம் ஒன்றேதான். பிறகுதான் மரபணுவும் சுரப்பிகளின் நீரும் சேர்ந்து பாதையைப் பிரிக்கின்றன. அந்தப் பயணத்திலே சில மாறுதல்கள் நேர்கின்றன. 200, 300 ஆண் குழந்தைகளிலே ஒன்றுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியிலே இல்லாமல் அடிப்பக்கத்திலே அமைகிறது. நிறைமாதத்திலே பிறக்கும் ஆண் குழந்தைகள் நூற்றிலே சுமார் மூன்றுக்கு விதை கீழே இறங்காமல் இருக்கிறது. அவற்றிலே பல சில மாதங்களிலே தானே இறங்கிவிடுகின்றன. மிகச் சில குழந்தைகள் ஆண், பெண் என்ற இரண்டு வரையறைக்குள்ளும் முழுதாக அடங்காமல் பிறக்கின்றன. இடைப்பாலினம் என்கிறோம். கிரகணமும் இல்லை, சாபமும் இல்லை. உடற்கூறு!

ஆனால் உலகம் உடற்கூறையா பார்க்கிறது? புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலே, செங்கற்சூளைத் தொழிலாளர் வீட்டிலே பிறந்து வளர்ந்த வீராங்கனை சாந்தி. 2006-ல் தோகா ஆசிய விளையாட்டிலே 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று ஒன்றை நடத்திப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கத்தை ஊரறிய ஏலம் போட்டார்கள். "உனக்கு நாங்கள் இருக்கிறோம்" என்பதைப் போல, அதற்குப் பிறகும் 15 லட்ச ரூபாய் பரிசளித்தார் அன்றைய முதல்வர் கலைஞர். ஆயினும், சூளையிலே கல் சுமந்த நாட்களையும் கடந்துதான் சாந்தி அரசின் தடகளப் பயிற்சியாளரானார். நாட்டுக்கு ஓடியவருக்கே இந்தக் கதி என்றால், தொட்டிலிலே கிடக்கும் சிசுவுக்கு?

அந்த அச்சத்தினாலேதான் பெற்றோர் பதறுகிறார்கள். "எப்படியாவது ஒண்ணா ஆக்கிடுங்க, டாக்டர்" என்று கெஞ்சுகிறார்கள். பெற்றோரின் வெட்கத்துக்கு மருந்து, பிள்ளையின் உடம்பிலே கத்தி! வெட்டியது முளைக்குமா? உணர்ச்சி குன்றலாம், பிள்ளைப்பேறு போகலாம். வளர்ந்த பிறகு, "என்னை ஏன் கேட்கவில்லை?" என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன பதில்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு பதில் சொல்லியிருக்கிறது. 2019 ஏப்ரல் 22. தூத்துக்குடியிலே நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலே நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருமணம் செல்லும் என்றார், அதோடு நிற்கவில்லை. மதுரை கோபி சங்கரின் பணியைச் சுட்டிக்காட்டி, இடைப்பாலினச் சிசுக்களை ஆணாகவோ பெண்ணாகவோ 'திருத்தும்' அறுவைக்குத் தடை போடச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டிலே அரசாணை பிறந்தது: உயிருக்கு ஆபத்து என்றாலன்றி கத்தி கூடாது! மால்ட்டா நாடு 2015-ல் செய்ததை, இந்தியாவிலே முதலில் செய்தது தமிழ்நாடு.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: இப்படிக் குழந்தை பிறப்பது வெட்கப்படத்தக்கதல்ல என்று பெற்றோர் உணர ஊக்கம் தர வேண்டும். கத்தியைத் தடுக்க ஆணை போதும். நாக்கைத் தடுக்க? அங்கேதான், தோழர்களே, நமக்கு வேலை இருக்கிறது!

அக்கம்பக்கத்திலே இப்படி ஒரு குழந்தை பிறந்தால் என்ன செய்வது?

முதலில், மந்திரவாதியிடம் ஓடவிடாதீர்கள். மின்சார ரயிலேறினால் சென்ட்ரல்; அங்கிருந்து சற்றுத் தூரத்திலே எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. ஒரு காரணத்துக்காக அவசரம் உண்டு: சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலே கோளாறு இருக்கும். முதல் சில வாரங்களிலேயே உடம்பிலிருந்து உப்பு வெளியேறிவிடும். வாந்தி, பால் குடியாமை, சோர்வு என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். கண்டுபிடித்தால் மருந்து உண்டு, பிள்ளை பிழைக்கும். ஆகவே பரிசோதனைக்கு விரையுங்கள், அறுவைக்கு விரையாதீர்கள்.

இரண்டாவது, டாக்டரிடம் துணிந்து கேட்கச் சொல்லுங்கள்: "இந்த ஆபரேஷன் உயிருக்கா, சிறுநீர் தடையின்றிப் போவதற்கா, பார்வைக்கா?" பார்வைக்கு என்றால் பிள்ளை வளர்ந்து தானே சொல்லும்வரை பொறுக்கலாம். பெயருக்கும் அவசரமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டு, பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

மூன்றாவது, காசு செலவில்லாதது. அந்தத் துணியை விலக்கிப் பார்க்கும் ஆசையை விடுங்கள். அந்தத் தாய்க்கு ஒரு வேளைச் சோறு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளிலே அந்தத் தோழனோடு ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். கூலி உயர்வுக்காக வாயிலிலே தோளோடு தோள் நின்றவர்கள், அவன் வீட்டு வாயிலிலே நிற்கக் கூடாதா?

யாராவது வந்து, "என்ன குழந்தை?" என்று குடைந்தால், அந்தத் தகப்பன் வாய் திறக்குமுன் நீங்கள் சொல்லுங்கள்:

"நம்ம குழந்தை! நல்லா பால் குடிக்குது. வாங்க, வந்து பாத்துட்டுப் போங்க!"