அப்பா விற்ற இரண்டு ஏக்கர்

பணகுடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் காற்றாலையைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். வைகாசியில் மேல்காத்து தொடங்கிவிட்டால் ராத்திரி முழுக்க அதன் சத்தம்தான். கல்லில் துணி அடிப்பது போல ஒரே சீரான சத்தம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் காத்தாடியின் இடம் ஒரு காலத்தில் அப்பாவுடையது. எள்ளும் காணமும் விதைத்த இரண்டு ஏக்கர் மானாவாரி. 1995-இல் தரகர் ஒருவர் வந்து விலை கேட்டார். அக்காவின் கல்யாணம் நெருங்கியிருந்தது. அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காத்தாடியிலேயே எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பத்தொன்பது வருஷம் அதற்குள் ஏணி ஏறி இறங்கியிருக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று மலையில் முட்டி, அந்த வாசல் வழியாக முப்பந்தல் பக்கம் பீறிட்டு வரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் கிடைக்கிற சக்தி எட்டு மடங்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இந்தக் கணக்கை ஒரு இன்ஜினியர் சொல்லித் தந்தபோதுதான் அப்பாவின் நிலம் எனக்குப் புரிந்தது. எந்தக் காற்று எங்கள் எள்ளை வாட்டி எங்களைக் கடனாளி ஆக்கியதோ, அதே காற்றுக்காகத்தான் அந்த நிலத்தை வாங்கினார்கள். விலை மட்டும் எள்ளுக்குப் பேசிய விலை.

அந்த நாளில் காற்றாலை வைத்தவர்களில் நூற்பாலைக்காரர்கள் நிறையப் பேர். போட்ட முதலை முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. இங்கே மின்வாரியக் கம்பியில் ஏற்றிய மின்சாரத்தைத் தொலைவில் இருக்கிற தங்கள் மில்லில் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குக் கிடைத்தது என்னைப் போல சிலருக்கு ஆபரேட்டர் வேலை, சிலருக்கு வாட்ச்மேன் வேலை.

காற்றாலையே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகையையும் சாம்பலையும் பார்த்தவன் நான். இங்கே எரிப்பதற்கு ஒரு பிடி நிலக்கரி வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம். ஆனி, ஆடியில் தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தந்த நாட்கள் உண்டு. ஐப்பசி வந்தால் றெக்கை அசையாது என்பதும் உண்மைதான். அப்போது வேறு மின்சாரம்தான் கைகொடுக்க வேண்டும்.

காத்தாடி வந்துதான் மழை போச்சு என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இப்போது வருகிற பெரிய மெஷினின் றெக்கை நுனிகூட 250 மீட்டர் உயரத்தை எட்டாது. மழை மேகம் திரள்வது கிலோமீட்டர் கணக்கில் மேலே. நாங்கள் ஆதியிலிருந்தே மழை மறைவில் இருக்கிறவர்கள். ஆனால் பெரியவர்கள் கண்ணால் பார்த்தது பொய் இல்லை. குளம் நிறையவில்லை. கிரேனும் றெக்கை ஏற்றிய நீள லாரியும் வருவதற்கு மண் கொட்டிப் பாதை போட்டார்கள். அந்தப் பாதை ஓடையை மறித்தது. கீழே போட்ட குழாய் முதல் வெள்ளத்திலேயே தூர்ந்துபோனது. ஆடு மேய்க்கிற வழியில் வேலி வந்தது. வானத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டே தரையைக் கவனிக்காமல் விட்டோம்.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி செய்ததை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் முயற்சி எடுத்து, 2006-இல் அந்த ஊராட்சி சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சேமிப்பு. அவர்கள் ஊரில் அவ்வளவு காற்று கிடையாது. தொலைவில், உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். ஊராட்சியின் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள், அந்த வருமானத்தில் கடனும் அடைந்தது. காற்று இல்லாத ஊர் காற்றாலைக்குச் சொந்தக்காரனானது. காற்றிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் காவல் இருந்தோம்.

டென்மார்க் 2009-இல் கொண்டுவந்த சட்டம், புதிய காற்றாலை வைப்பவர் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை அக்கம்பக்கத்தில் குடியிருப்போருக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும் என்றது. எங்கள் பக்கம் முதலில் வந்த மெஷின்களில் பல டென்மார்க் தொழில்நுட்பம்தான். மெஷின் வந்தது, இந்த யோசனை வரவில்லை.

இப்போது பழைய காத்தாடிகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றை மாற்றிப் புதுப்பிக்க 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. நான் பார்த்த 225 கிலோவாட் மெஷின்கள் பத்தின் திறனை ஒரே புது மெஷின் தாங்கிவிடும். போன மாசி மாதம் அப்பாவின் பழைய நிலத்தில் அளவைக் கருவியோடு இரண்டு பேர் நின்றார்கள். டீக்கடையில் தரகர்கள் மறுபடி உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுங்கள், விற்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் பங்கு கேளுங்கள் என்று பையன்களிடம் சொல்லிவருகிறேன். சிலர் கேட்கிறார்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஊராட்சிக்குப் பங்கு, கழற்றுகிற கண்ணாடி இழை றெக்கைகளை இங்கே போட்டுவிட்டுப் போகக் கூடாது, ஆட்டுப் பாதை திறக்க வேண்டும். நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஓடையை முதலில் எழுது என்றாள். மாற்றி எழுதிவிட்டேன்.