பெட்ரோல் ஜோதிடம் பலிக்குமா?

"நாளைக்குக் காலையிலேருந்து லிட்டருக்கு அஞ்சு ரூபாய் ஏறுதாம், இன்னிக்கே டேங்க்கை நிரப்பிடுங்க!" இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் கிளம்பினால் போதும், சென்னையை அடுத்த குன்றத்தூர்–பல்லாவரம் சாலையில் உள்ள பங்க்குகளில் பைக்குகள் வரிசைகட்டிவிடும். அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரத்துக்கும், எதிர்ப்பக்கம் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் இரண்டு சக்கரத்தில் போய்வருகிறவர்கள் நிறைந்த பகுதி இது. கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டும் என்று தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் சொன்னால், மாதக் கடைசியில் கையைக் கடிக்குமே என்ற கவலை இங்கே உடனே வந்துவிடும். ஆனால், அந்தக் கணிப்பை நம்பி வண்டி ஓட்டுகிறவர் ஏதாவது முடிவெடுக்க முடியுமா?

2022 வைத்த பரீட்சை

கணிப்புகளுக்கு நல்லதொரு பரீட்சை 2022 மார்ச்சில் நடந்தது. முந்தைய நவம்பரில் ஒன்றிய அரசு கலால் வரியைக் குறைத்தபின் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 காசில் நின்றுவிட்டது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்க, மார்ச் தொடக்கத்தில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 139 டாலர்வரை எகிறியது. ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் மார்ச் 10 அன்று வந்தவுடன் விலை ஏறிவிடும் என்பதே பரவலான எதிர்பார்ப்பு. அன்று ஏறவில்லை, மறுநாளும் ஏறவில்லை. மார்ச் 22இல்தான் தொடங்கியது. 16 நாட்களில் 14 முறை ஏறி, ஏப்ரல் 6 அன்று 110 ரூபாய் 85 காசில் நின்றது. மே 22 அன்று கலால் வரி 8 ரூபாய் குறைக்கப்பட, சென்னை விலை 102 ரூபாய் 63 காசுக்கு இறங்கியது.

விலை ஏறும் என்றவர்கள் ஜெயித்தார்கள். என்றைக்கு ஏறும் என்று சொன்னவர்கள் தோற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், மார்ச் 21 அன்று எந்த ஆராய்ச்சியும் செய்யாமல் "இதே விலைதான் இருக்கும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால், இடையில் ஒன்பது ரூபாய்க்கும் மேல் தவறியிருப்பார். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கும்போது அவருடைய பிழை வெறும் 1 ரூபாய் 23 காசு.

சோம்பேறிக் கணிப்பின் பலம்

இது தற்செயல் இல்லை. "நாளைய விலை இன்றைய விலையே" என்ற இந்தக் கணிப்பைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள். ரான் ஆல்க்விஸ்ட், லுட்ஸ் கிலியன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கச்சா எண்ணெயின் முன்பேர வணிக விலைகளைக் கொண்டு செய்யும் கணிப்பு இந்தச் சோம்பேறிக் கணிப்பைவிடத் துல்லியமாக இல்லை என்று காட்டினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்கக் குடும்பங்களிடம் பெட்ரோல் விலை பற்றிய எதிர்பார்ப்பை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. அந்தப் பதில்களை ஆராய்ந்த இன்னொரு குழு, பணவீக்கத்தைக் கழித்துவிட்டால் சராசரி மனிதர் எதிர்பார்ப்பதும் அனேகமாக இன்றைய விலையைத்தான் என்று 2013இல் எழுதியது.

காரணம் எளிது. அடுத்த மாதம் எண்ணெய் விலை ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தால், வணிகர்கள் இன்றே வாங்கிக் குவிப்பார்கள். விலை இன்றே ஏறிவிடும். எல்லோருக்கும் தெரிந்த செய்தி எதுவோ, அது ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது. இனி விலையை அசைக்கப்போவது யாருக்கும் தெரியாத செய்தி. அதை எப்படிக் கணிப்பது?

பெரிய பெயர்களும் இதற்கு விலக்கில்லை. 2008 மே மாதம், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் எண்ணெய் 150 முதல் 200 டாலர் ஆகக்கூடும் என்றது கோல்ட்மேன் சாக்ஸ். ஜூலையில் 147 டாலர் வந்தபோது பலித்துவிட்டது போலவே இருந்தது. டிசம்பரில் விலை 40 டாலருக்கும் கீழே. 2020 ஏப்ரல் 20 அன்றோ அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37 டாலர் 63 சென்ட்டில் முடிந்தது.

அப்படியும் சிலர் தொடர்ந்து சரியாகச் சொல்கிறார்களே? 32 பேர் ஆளுக்கு ஐந்து முறை நாணயம் சுண்டினால், ஐந்து முறையும் தலை விழும் ஒருவர் சராசரியாக இருக்கத்தான் செய்வார். தொலைக்காட்சி அவரைத்தான் கூப்பிடும்.

கச்சா எண்ணெயிலிருந்து பங்க் வரை

கச்சா எண்ணெயைச் சரியாகக் கணித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் 80 ரூபாய் என்றால், பீப்பாய்க்கு ஒரு டாலர் மாறும்போது லிட்டருக்கு சுமார் 50 காசு மாற வேண்டும். 2022 மே மாதம் 110 டாலருக்கு மேல் இருந்த பிரென்ட், அந்த டிசம்பரில் 80 டாலரை ஒட்டி இறங்கியது. கணக்குப்படி லிட்டருக்கு 15 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். சென்னை விலைப் பலகை அசையவே இல்லை. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் அளவுக்குக் குறையும்வரை, ஏறக்குறைய 22 மாதம், அதே 102 ரூபாய் 63 காசு.

2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை 6 மணிக்கு விலை மாற்றும் முறை நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தினமும் மாற்றலாம் என்பது, மாற்றியே ஆக வேண்டும் என்று ஆகாது. எண்ணெய் ஏறும்போது நிறுவனங்கள் நஷ்டத்தைத் தாங்குகின்றன. இறங்கும்போது அதை ஈடுகட்டிக்கொள்கின்றன. 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு மட்டும் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். 2023–24இல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி.

வரி இன்னொரு பூட்டு. 2020இல் எண்ணெய் சரிந்தபோது, மே மாதத்தில் ஒன்றிய அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 10 ரூபாய் ஏற்றியது. சரிவின் பலன் பங்க்குக்கு வரவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தன் நிதிநிலை அறிக்கையில் வரியை 3 ரூபாய் குறைத்தது. உலகச் சந்தையை மட்டும் பார்த்தவர் அதை ஊகித்திருக்க முடியாது. அதே ஆண்டு நம் சட்டமன்றத் தேர்தலையொட்டி, பிப்ரவரி 27க்குப் பிறகு விலை ஏறவே இல்லை. முடிவுகள் வந்த இரண்டாம் நாள், மே 4 அன்று ஏறத் தொடங்கி, ஜூலை தொடக்கத்தில் சென்னையில் நூறைத் தாண்டியது. விலையை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன என்பது அரசின் விளக்கம். பெட்ரோல் கணிப்பாளர் எண்ணெயோடு சேர்த்து டெல்லியையும் கோட்டையையும் தேர்தல் தேதியையும் கணிக்க வேண்டியிருக்கிறது.

சரியாக இருந்தால்தான் என்ன லாபம்?

பைக்கின் டேங்க் 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒரு ரூபாய் ஏறும் என்ற தகவல் அப்படியே பலித்தாலும், காலி டேங்க்கை நிரப்பினால் மிச்சம் 10 ரூபாய். அதற்காக அரை மணி நேரம் வரிசையில் நிற்பது கட்டுப்படியாகாது. டயரில் சரியான காற்று இருந்தால், யார் கணிப்பும் இல்லாமலே அதைவிட மிச்சமாகும்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா, வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாமா போன்ற பெரிய முடிவுகளுக்குத்தான் விலை உண்மையிலேயே முக்கியம். அங்கே ஒற்றை எண்ணைச் சொல்லும் கணிப்பு உதவாது. அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம், கச்சா எண்ணெய் விலைக்கு மாதாமாதம் ஓர் எண்ணோடு 95 சதவீத வாய்ப்புள்ள ஒரு வரம்பையும் வெளியிடுகிறது. ஓராண்டு தள்ளிப் பார்த்தால் மேல் எல்லை கீழ் எல்லையைவிட இரு மடங்குக்கும் மேலே போவது வழக்கம். நேர்மையான கணிப்பு அப்படித்தான் இருக்கும்.

நாமும் அதையே செய்யலாம். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் 20 லிட்டர். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் மாதம் 200 ரூபாய் கூடும். 90 ரூபாய், 105 ரூபாய், 120 ரூபாய் என்று மூன்று விலையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் முடிவு ஒன்றாகவே வந்தால், எந்த நிபுணரும் தேவையில்லை. 120இல் மட்டும் கணக்கு உதைத்தால், மாதம் கூடுதலாகும் சில நூறு ரூபாயை எங்கிருந்து எடுப்பது என்று இப்போதே யோசிக்க வேண்டியதுதான்.